நூறாவது மீன்

ரெண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். பதினெட்டு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் கை மேசை மேலேயே கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி. தினத்தாளை விரித்து அதன் மேல் மெஷினைக் குப்புறப் போட்டிருக்கிறேன். முதுகு மூடியைக் கழற்றியாச்சு. சுண்டுவிரல் பருமனில் நாலு பென்சில் செல் வரிசையாகப் படுத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னத் தகடு, ஒரு திருகு, தகட்டுக்குக் கீழே சட்டைப் பொத்தான் மாதிரி இன்னொரு செல். நாலு பெரிசும் மெஷினை ஓட்டும். சின்னது எதையும் ஓட்டாது, சும்மா இருக்கும், பெரிசுகள் வெளியே போகிற நேரத்துக்கு மட்டும் உள்ளே இருக்கிறதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிசை மாத்தும்போது சின்னது உள்ள இருக்கணும், சின்னதை மாத்தும்போது பெரிசு நாலும் உள்ள இருக்கணும், ரெண்டும் ஒண்ணா வெளிய வந்துச்சுன்னா எல்லாம் போயிரும், என்று இன்பா சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்து மெஷினுக்குச் சொன்னாள், நான் பக்கத்தில் நின்றேன். இன்பா என்றால் இன்பன்டா, என் மகள், ஒரே பிள்ளை, பூனாவில் வேலையாக இருக்கிறாள். அடுப்படியில் என் வீட்டுக்காரி செலஸ்தி தேங்காய் அரைக்கிறாள், மிக்ஸி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது, அந்த மிக்ஸிக்கு கார்பன் தேய்ந்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கணும். மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு இன்பா அவள் அம்மாவுக்கு போன் போடுவாள். அம்மாவுக்குத்தான். அதற்குள் இதை முடித்து மூடி வைத்துவிடலாம் என்று பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்தேன், கோயிலுக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. முடித்திருக்கலாம். ஒரு செல்லை நெம்பி எடுக்க எவ்வளவு நேரம். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவன், கப்பலுக்குள் இறங்கி நானூறு வோல்ட் லைனைத் தொட்டு வந்தவன், ஒன்றரை வோல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் திரையில் அந்த வாசகம் வந்தது. எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, இங்கிலீஷ் என்றால் சுவிட்ச் பலகையில் எழுதியிருக்கிற ஆன், ஆஃப், டேஞ்சர், இந்த மூணும் உருவத்தை வைத்துத் தெரியும். இந்த வாசகமும் உருவத்தை வைத்துத்தான் தெரியும், பெரிய செல் நாலும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக வருகிறதுதான். வழக்கமாக வந்தால் வழக்கமாக மாற்றிவிடுவேன், சின்னது உள்ளே இருந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் சின்னதை எப்போது மாற்றினேன் என்று நேற்று ராத்திரி படுக்கையில் யோசித்தேன், கிடைக்கவில்லை. கண் ஆபரேஷனுக்கு முன்னாலா பின்னாலா. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கண்ணில் புகை, புகையோடு அந்தத் திருகைத் தேடின ஞாபகம் இல்லை. அதற்கும் முன்னால் என்றால் அஞ்சு வருஷம், ஆறு வருஷம். ஆபரேஷன் முடிந்து எட்டு மாசம் மெஷின் பீரோவுக்குள் கிடந்தது, டாக்டர் சின்னத் திரையைப் பார்க்காதீங்க என்றார், நானும் நல்ல பிள்ளையாக இருந்தேன். அப்படியானால் பெரிசும் தளர்ந்திருக்கிறது, சின்னதும் தளர்ந்திருக்கிறது. பெரிசை எடுத்தால் சின்னது தாங்குமா தெரியாது. சின்னதை முதலில் மாற்றலாம் என்றால் அந்த நேரம் பெரிசு தாங்குமா தெரியாது. காலையில் மீட்டரை எடுத்து முனையை வைத்துப் பார்த்தேன். சின்னது ரெண்டு சொச்சம் காட்டியது, புதுசில் மூணு காட்டணும். ரெண்டு சொச்சம் இருக்கே என்று சந்தோஷப்பட நான் நேற்று வேலைக்கு வந்தவன் இல்லை. சும்மா இருக்கும்போது எந்தச் செல்லும் மீட்டரில் நல்லபடியாகத்தான் காட்டும், பளுவை ஏற்றினால்தான் படுக்கும். ஆள்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். சரி, எதை முதலில் எடுப்பது. இன்பாவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். பன்னிரண்டு மணிக்கு போனில் அவளே வருவாள், கேட்டுவிடலாம். ஏன் கேட்கவில்லை என்றால் கேட்க முடியாது. அவளிடம் போய் இந்த மெஷினில் செல் மாற்றுவது எப்படி என்று நான், கஸ்பார், கேட்க முடியாது. வேறு யார் கேட்டாலும் கேட்கலாம், நான் கேட்க முடியாது.

இது கடைக்காரர்கள் வைத்திருக்கிற கால்குலேட்டர் இல்லை. இது கோடு வரையும். ஒரு கணக்கைக் கொடுத்தால் அது எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று திரையில் வளைத்து வளைத்துப் போட்டுக் காட்டும். ஒரு கப்பலில் மூணாவது எஞ்சினியர், பிலிப்பைன்ஸ்காரன், அவன் அறையில் விளக்கு சரிபண்ணப் போனபோது குப்பைக் கூடையில் போட இருந்ததை என் கையில் போட்டான், இது செத்துப்போச்சு என்று கழுத்தை வெட்டுகிற மாதிரி விரலால் காட்டிச் சிரித்தான். இன்பாவுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. திரையில் கோடு கோடாகப் பாதிப் புள்ளிகள் எரியவில்லை. ரெண்டு நாள் திறந்து வைத்துப் பார்த்தாள். திரைக்கும் பலகைக்கும் நடுவில் பட்டையாக ஒரு ரிப்பன் ஒட்டியிருக்கும், அதன் பசைதான் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தாள், பத்தாம் வகுப்பு. என் சால்டரிங் அயனைச் சூடாக்கி, மேலே ரப்பர் துண்டை வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வந்தாள். நான் ரிப்பனைப் பிடித்துக்கொண்டேன். அப்பா, கை ஆடுது. என் கை ஆடலை, உன் மூச்சுதான் ஆடுது. நான் மூச்சே விடலை. விடு புள்ள, செத்துக்கித்துப் போயிராத, உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்லுதது. சிரித்தாள், சிரித்ததில் அயன் நழுவி என் கட்டைவிரலில் பட்டது, இந்தா, இன்றைக்கும் நகத்துக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு கோடாக உயிர் வந்தது. குறுக்கே நூற்று இருபத்தேழு புள்ளி, மேலும் கீழுமாக அறுபத்து மூணு, அவ்வளவும் எரிந்த அன்றைக்கு அவள் அந்த வெறும் கறுப்புத் திரையைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். ஒன்றுமே இல்லையே என்றார்கள். எல்லாம் இருக்கு பாருங்க என்றாள். மிக்ஸி நின்றுவிட்டது. என்னங்க, என்று செலஸ்தி குரல் கொடுக்கிறாள், மீன் ரெண்டு துண்டு பொரிக்கவா, எல்லாத்தையும் குழம்புல போட்டுரவா. பொரி, என்கிறேன். காலையில குழம்புன்னு சொன்னீங்க. சரி, குழம்பு. என்ன மனுசனோ, என்று சட்டியை வைக்கிற சத்தம்.

உள்ளே இருப்பது என்ன என்று கேட்டால் ஒரு விளையாட்டு. வேறு ஒன்றும் இல்லை. மேலே ஒரு படகு, இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தப் பக்கம், அந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம். கீழே மீன் வரும், ஏழு புள்ளியில் ஒரு மீன், வாலுக்கு ரெண்டு புள்ளி. படகு நேராக வரும்போது தூண்டிலை இறக்கணும். பிடித்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், விட்டால் ஒன்றும் குறையாது, அவள் என் குணம் தெரிந்து அப்படி வைத்தாளோ என்னவோ. அணைத்தாலும் எண்ணிக்கை அழியாது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதினாறு வருஷத்து மீன் உள்ளே கிடக்கிறது, கடைசியாகப் பார்த்தபோது நாற்பத்தோராயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. மீன் போனால் போகட்டும். மீனுக்காக இல்லை. நூறு நூறாக ஆகும்போதெல்லாம் படகு நின்றுவிடும், திரை ஒரு தடவை வெளுக்கும், பிறகு எழுத்து வரும். தமிழில் வரும். அந்த மெஷினுக்குத் தமிழ் கிடையாது, கணக்கு போடுகிறதற்கு வேண்டிய இங்கிலீஷ் மட்டும்தான், அதனால் அவள் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, எண்ணி, ஒவ்வொரு புள்ளியையும் இங்கே எரி, இங்கே எரி என்று மெஷினுக்குச் சொல்லிச் சொல்லி ஏற்றியிருக்கிறாள். ரெண்டு வரி. மேலே, அப்பா. கீழே, சாப்பிட்டீங்களா. கீழ் வரி திரை முழுக்க இழுத்துக்கொண்டு போகும், கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். டீ எழுத்துதான் சரியாக வரவில்லை, கொண்டை கொஞ்சம் சரிந்து தலையில் முண்டாசு கட்டினவன் மாதிரி இருக்கும். அதுதான். பூனாவிலிருந்து வாராவாரம் போன் வருகிறது, செலஸ்தி ஸ்பீக்கரில் போட்டு பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசுவாள், நான் இங்கே இந்த நாற்காலியில் இருந்தே எல்லாம் கேட்பேன், எனக்குக் காது மட்டும் இன்னும் போகவில்லை. அப்பா சாப்பிட்டாங்களாம்மா, என்று அதிலே கேட்பாள். தப்பு சொல்ல மாட்டேன், ஒரு வாரம்கூட விடாமல் கேட்பாள். சாப்பிட்டாங்க, என்று செலஸ்தி சொல்லுவாள். சாப்பிட்டாங்களா. சாப்பிட்டாங்க. எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்த வார்த்தை ஒரு ஆள் மேல் ஏறி இறங்கித்தான் வருகிறது. என் முகத்துக்கு நேராக, அப்பா சாப்பிட்டீங்களா என்று என்னையே கேட்கிறது உலகத்தில் இந்த மெஷின் ஒன்றுதான். நூறு மீனுக்கு ஒரு தடவை. அது வருகிறபோது நான் பதில் சொல்லுவேன், வாய்க்குள்ளே. அதைப் போய் என் கையாலே அழிக்கிறதென்றால். ஒரு தடவை அழித்தாயிற்று. ரெண்டாம் தடவை என்றால்.

வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். எதை முதலில் எடுப்பது என்று மட்டும் யோசி. பெரிசு ஒவ்வொன்றாக அளந்தேன், நாலுமே ஒன்றுபோல ஒன்று புள்ளி ஒன்று வோல்ட். ஏத்தமும் இல்லை வத்தமும் இல்லை. ஏத்தம் வத்தம். இதோ வந்துவிட்டது, எந்தப் பக்கம் போனாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. துறைமுகத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு கம்பம் நட்டிருக்கும், கோடு போட்ட கம்பம். நம்ம கடலில் ஏத்தம் வத்தம் பெரிசாக ஒன்றும் கிடையாது, முழங்கால் அளவு. அதையும் இந்த மெஷினில் வளைத்துக் காட்டணும், இன்ன தேதி என்று அடித்தால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் எத்தனை மணிக்கு வத்தும் என்று கோடு வரணும் என்று அவளுக்கு ஆசை, பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருஷம். அப்பா, எனக்கு நெசமான கணக்கு வேணும், புத்தகத்துல உள்ளது வேண்டாம். பதினாலு மாசம் நான் அந்தக் கம்பத்தைப் பார்த்தேன். வேலைக்கு நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை, மழையிலும் பார்த்தேன், தீப்பெட்டி அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து வருவேன். அவள் மெஷினில் ஏற்றிவிட்டு அட்டையைக் கிழித்துப்போடுவாள், ஏறிருச்சுப்பா, இனி அட்டை எதுக்கு. ஒரு நாள், நாளைக்குக் காலையில ஏழரைக்குக் கம்பத்துல இம்புட்டு நிக்கும் பாருங்க என்று சொல்லிவிட்டாள். போய்ப் பார்த்தேன். ரெண்டு விரற்கடை வித்தியாசம். ரெண்டே விரற்கடை. எனக்கு நெஞ்சு பொங்கி, அன்றைக்கு கிரேன் ஓட்டுகிற சவரிமுத்துவிடம், எம் மக கடலை சட்டைப்பையில போட்டு வச்சிருக்கா டே என்றேன். அப்போ பத்திரம், நனைஞ்சிரப் போவுது என்றான் அவன். காலேஜில் கண்காட்சி வைத்தார்கள், அதில் இதைக் காட்டுகிறதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் நான் லீவு. மெஷின் மேசை மேல் இருந்தது, செல் பச்சையாகக் கக்கியிருந்தது, சாயங்காலம் வந்து சுத்தம் பண்ணுதேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது போதாதா. நான்தான் வயர்மேன் ஆயிற்றே. எல்லாச் செல்லையும் வெளியே எடுத்தேன், பெரிசு நாலு, சின்னது ஒன்று, வரிசையாக வைத்தேன். வினிகரில் துணியை நனைத்துத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்ன, வெயிலில் காயவைத்து, புதுச் செல் வாங்கிவந்து போட்டு, மேலே ஒரு துணியால் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வந்து ஆன் பண்ணினாள். ஆன் பண்ணி நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று. எல்லாத்தையும் எடுத்தீங்களாப்பா, என்றாள். ஒண்ணு விடாம, என்றேன். சின்னதையுமா. அதுலதான் பச்சை நெறைய.

குழம்பு கொதிக்கிற மணம் வருகிறது. செலஸ்தி புளியை இன்றைக்குக் கூடப் போட்டுவிட்டாள், மணத்திலேயே தெரிகிறது. அன்றைக்கு இன்பா கட்டிலில் உட்கார்ந்தாள், அழவில்லை. அப்பா, சின்னதும் பெரிசும் ஒண்ணா வெளிய வந்தா உள்ள ஒண்ணும் நிக்காதுப்பா, எல்லாம் போச்சு, பதினாலு மாசக் கணக்கும் போச்சு, என்று மெதுவாகச் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது, சொல்ல வேண்டிய வார்த்தை, எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். என் வாயில் வேறு வந்தது. கடலு எப்ப ஏறும் எப்ப வத்தும்னு கடலுக்கே தெரியும், அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு, வெளையாட்டுச் சாமான்தான, என்றேன். மழையிலும் அந்தக் கம்பத்தைப் பார்த்தவன் நான். நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். பயத்தில்தான். ஸ்பிரிங் மின்னுகிறதே என்று பெருமையாக நின்றவன் ஒரு நொடியில் திருடன் மாதிரி நின்றேன், திருடன் கத்துகிற மாதிரி கத்தினேன். அவள் தலையை ஆட்டி, சரிப்பா, என்றாள். அந்த சரிப்பா. மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே இதில் பேரிங் போய்விட்டது, இதில் சுருள் எரியப்போகிறது என்று சொல்லுகிற காது இது, கப்பல்காரனெல்லாம் என்னைக் கூப்பிட்டது இந்தக் காதுக்காகத்தான். அந்த சரிப்பாவில் ஏதோ கழன்றுவிட்டது, எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காதவன் மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் கிடையாது. ஊர் வாய்க்கு ஒன்றும் அகப்படாது. சாப்பாடு போடவா, சரிப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சரிப்பா. பூனாவுல வேலை கெடைச்சிருக்கு, போகட்டுமா. போ. சரிப்பா. போகிறதற்கு முந்தின வாரம் பூராவும் கட்டம் போட்ட நோட்டும் மெஷினுமாக இருந்தாள், போகிற அன்றைக்கு இதே மேசை மேல் வைத்து, இதை இங்கயே வச்சுட்டுப் போறேன், பொழுது போகும், என்று செல் விஷயத்தை மெஷினுக்குச் சொன்னாள். எனக்கு விளையாட்டுச் சாமான் ஒன்று செய்து கொடுத்துவிட்டுப் போனாள், பாருங்கள். குத்திக்காட்டினாளா, மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நூறு மீன் பிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. எழுத்து வந்தபோது நான் தனியாக இருந்தேன், செலஸ்தி கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போயிருந்தாள்.

பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிஷம். இப்படி உட்கார்ந்திருந்தால் செல் தானாக இறங்கி, நான் தொடாமலேயே எல்லாம் போகும், அதுவும் என் கணக்கில்தான் வரும். எழுந்துபோய்ப் பழைய டூல் பையை எடுத்து வந்தேன். எனக்கு ஏன் இது காலையிலேயே தோன்றவில்லை என்றால் நான் இதை மெஷினாகவே பார்க்கவில்லை. லைனாகப் பார்த்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. துறைமுகத்தில் விளக்குக் கோபுரத்துக்கு வயர் மாற்றும்போது விளக்கை அணைக்க விட மாட்டார்கள், கப்பல் வருகிற நேரம், அப்போது என்ன செய்வோம், பக்கத்திலேயே இன்னொரு வயரை இழுத்து இங்கேயும் அங்கேயும் கொடுத்துவிட்டு, அது தாங்குகிற நேரத்தில் பழையதை வெட்டுவோம். மேலே விளக்குக்குத் தெரியவே தெரியாது. அதையே செய். ஒரு காலி செல் பெட்டி, நாலு செல் பிடிக்கிறது, பொம்மைக் காரிலிருந்து கழற்றினது, பையில் இருந்தது. அதில் புதுச் செல் நாலு. ரெண்டு வயர், சிவப்பு, கறுப்பு, நுனியில் கிளிப். மெஷினை அணைத்திருக்கிறேனா. அணைத்திருக்கிறேன். சிவப்பு எந்தப் பக்கம். மீட்டரை வைத்துப் பார், ஒரு தடவை, ரெண்டு தடவை, மாற்றிக் கொடுத்தால் அழிகிறது மட்டும் இல்லை, எரிந்தே போகும். மூணாம் தடவையும் பார்த்துவிட்டுக் கிளிப்பை மாட்டினேன். இப்போது வெளியிலிருந்து ஓட்டம் உள்ளே போகிறது. முதல் பழைய செல்லை எடுத்தேன், புதுசைப் போட்டேன். ரெண்டாவது. மூணாவது. நாலாவதை நெம்பும்போது விரல் வழுக்கி, சிவப்பு கிளிப் டொப்பென்று கழன்று தினத்தாள் மேல் விழுந்தது. நாலாவது செல் என் கையில் இருக்கிறது. வெளியிலிருந்தும் இல்லை, உள்ளேயும் பெரிசு முழுசாக இல்லை. சின்னது மட்டும், ரெண்டு சொச்சம், கிழட்டுச் சின்னது மட்டும் தனியாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிளிப்பை எடுத்து மாட்டினேன், மாட்டுகிறதற்குள் ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, மூச்சு விட்டேனா என்றும் தெரியாது. நாலாவது புதுசைப் போட்டேன். தகட்டின் திருகைக் கழற்றிச் சின்னதையும் மாற்றினேன், பெரிசு நாலும் உள்ளே இருக்கும்போதுதான் மாற்றினேன். மூடியைப் போடவில்லை. நிமிர்த்தி வைத்தேன். இனி ஆன் பண்ணணும். ஆன் பண்ணினால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிறவரைக்கும் உள்ளே எழுத்து இருக்கிறது, சரிந்த கொண்டையோடு டீ இருக்கிறது. கட்டைவிரல் தழும்பு அந்தப் பொத்தான் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை.

போன் அடித்துவிட்டது. செலஸ்தி கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறாள், பிரிட்ஜ் மேல் வைக்கிறாள். என்னம்மா சமையல், என்கிறது இன்பாவின் குரல், அவளுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கிறீச்சென்று சுற்றுகிறது, அதற்கு எண்ணெய் விடணும். மீன் குழம்பு, உங்க அப்பா பொரின்னாரு, அப்புறம் குழம்புன்னாரு. அப்பா என்னம்மா செய்யுதாங்க. அதைக் கேக்காத, கோயில் சட்டையோட உக்காந்து அந்த மெஷினைப் பிரிச்சுப் போட்டு, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துன மாதிரி ரெண்டு வயரைக் குத்தி வச்சிருக்காரு. விசிறி மட்டும் சுற்றுகிறது. பிறகு, செல்லு மாத்துதாங்களா, என்று கேட்டாள், மெதுவாக, குரலில் அந்தக் கட்டில், அந்த சாயங்காலம் எல்லாம் இருந்தது, எனக்குக் கேட்டது. அழுத்திவிட்டேன். திரை வெளுப்பாகவே நின்றது. கீழே மூணு தடவை, பக்கத்தில் ஒரு தடவை, விரலுக்குத் தெரிந்த வழி, பிறகு பெரிய பொத்தான். படகு வந்தது. ஓரத்தில் நாற்பத்தோராயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றாறு. செலஸ்தி, என்றேன், எனக்கே புதுசாக இருந்தது என் குரல். ரெண்டையும் ஒண்ணா எடுக்கலைன்னு சொல்லு. என்னத்த ஒண்ணா எடுக்கலை, என்கிறாள் அவள் கரண்டியோடு. நீ சொல்லு அவகிட்ட. ரெண்டையும் ஒண்ணா எடுக்கலையாம்டி, என்னமோ சொல்லுதாரு. விசிறி சுற்றியது. கேட்டுச்சும்மா, என்றாள் இன்பா. எனக்கே கேட்டுச்சு. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, எத்தனை மீனுன்னு கேளு, என்றாள். செலஸ்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், அவள் சொன்னாள். அம்மாடி, என்றாள் இன்பா, என்கிட்ட இருக்கிறதுல இருபதாயிரம்கூட ஆகலை. உன்கிட்ட ஏது, என்று செலஸ்தி கேட்டாள். இதே மாதிரி ஒண்ணு இங்க பழைய சாமான் கடையில பாத்து வாங்கினேன்மா, வந்த வருசமே, படகையும் ஏத்தி வச்சிருக்கேன், வேலைக்குப் போகும்போது பஸ்ஸுல வெளையாடுவேன். வந்த வருசமே. பதினாறு வருஷமாக அங்கேயும் அந்தப் படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, இங்கே நான் இந்த நாற்காலியில், அங்கே அவள் பஸ்ஸில், ஏழு புள்ளி மீனுக்கு. நான் எழுந்து நின்றிருக்கிறேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நூறு வந்தா அவளுக்கு என்ன வருதுன்னு கேளு, என்றேன். செலஸ்தி கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், போனிலிருந்தே பதில் வந்தது. ஒண்ணும் வராது. அந்த எடத்தை அப்பிடியே வெறுமனே விட்டு வச்சிருக்கேன், என்ன போடுததுன்னு தெரியலை. தரை வழுவழுவென்று இருந்தது, மெஷினை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வயரும் செல் பெட்டியும் தொங்க, அடுப்படிக்குள் போனேன். செலஸ்தி ஒதுங்கி வழிவிட்டாள். பிரிட்ஜ் மேலிருந்த போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன். இன்பா. ம், என்றாள். நீ சாப்பிட்டியா. விசிறி கிறீச்சென்று ஒரு சுற்று சுற்றி வந்தது. இல்லப்பா, என்றாள், இனிமேத்தான். நீங்க சாப்பிட்டீங்களா.